கோமதி ஸ்டெல்லா என்ற ஒருத்தி

"கோமதி ஸ்டெல்லா."

அறைக் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, கையிலிருந்த தாளைப் பார்த்து அலுவலக உதவியாளர் கூப்பிட்டார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். அவர் எங்களைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடியும் எங்களைப் பார்த்தார்.

"ஒருத்தர் வந்தா போதும்மா. கூட வந்தவங்க உக்காருங்க."

"ரெண்டு பேருமே இன்டர்வியூவுக்குத்தாங்க வந்திருக்கோம்," என்றேன்.

"இதுல கோமதி ஸ்டெல்லா யாரு?"

"நான் கோமதி. இவ ஸ்டெல்லா."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தியது எங்களுக்குக் கேட்டது. பிறகு ஒரு நாற்காலி நகரும் சத்தம்.

ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னாடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. ரெண்டு பேர்னு தெரிஞ்சு இன்னொரு சேர் போடுறாங்க," என்றேன். சத்தியமாக நான் அப்படித்தான் நினைத்தேன்.

சென்னையில் ஒரு பல்கலைக்கழகம். ஆடி மாதத்து வெயில் வராந்தாவில் பாதி தூரம் ஏறியிருந்தது. பினாயிலும், எங்கோ பக்கத்து ஆய்வகத்தில் கிருமி வளர்க்கக் காய்ச்சிக்கொண்டிருந்த அகரும் கலந்து ஒரு வாசனை. ஒரே ஒரு ஆராய்ச்சி உதவியாளர் பணியிடம். அதற்குத்தான் நாங்கள் விடியற்காலையில் மரக்காணத்தில் பஸ் ஏறி வந்திருந்தோம்.

அந்தக் கதவு மறுபடி திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் எப்படி ஒரே பெயராக அங்கே போய் நின்றோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தயிரும் சிவப்புத் தண்ணீரும்

என் அப்பா மரக்காணத்தில் உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். ஸ்டெல்லாவுக்கு அனுமந்தை. அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். புதுச்சேரியில் ஒரே கல்லூரி, ஒரே பஸ், ஒரே எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. பஸ்ஸில் அவளுக்கும் இடம் பிடித்து வைத்து, அனுமந்தையில் அவள் ஏறுவதற்குள் நாலு பேரோடு சண்டை போட்டுவிடுவேன். இடத்தைப் பிடித்தது நான், ஜன்னலோரம் உட்கார்ந்தது அவள்.

இறுதி ஆண்டுப் ப்ராஜெக்ட் என்று வந்தபோது எனக்கு என் ஆசிரியர் தயிரைக் கொடுத்தார். தயிரில் இருக்கும் பாக்டீரியா. மாணவிக்கு என்ன தருவது என்று தெரியாத ஆசிரியர்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் தயிரைத்தான் தந்தார்கள். எங்கள் வகுப்பில் மட்டும் தயிர்க்காரிகள் ஐந்தாறு பேர் இருந்தோம். கடைசியில் எல்லாரும் ஒரே முடிவைத்தான் எழுதிக் கொடுத்தோம்.

ஸ்டெல்லா உப்பளத்தைக் கேட்டு வாங்கினாள். கோடையில், உப்பு விழப்போகும் பாத்தியில் தண்ணீர் கெட்டிப்பட்டு ரோஜா நிறமாகி, பிறகு சிவக்கும். மற்ற எதுவும் உயிர் பிழைக்க முடியாத அந்த உப்பில், உப்பையே விரும்பி வாழும் நுண்ணுயிர்கள் சில இருக்கின்றன. அவை கொடுக்கும் நிறம் அது. பிறந்ததிலிருந்து அந்தச் சிவப்பைப் பார்த்தவள் நான். ஒருநாளும் அது எனக்கு அதிசயமாகத் தெரிந்ததில்லை. அவளோ முதல் தடவை பார்த்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாத்திக்குள் இறங்கிவிட்டாள். நான் வரப்பில் நின்று பாட்டில் பிடித்தேன், குடை பிடித்தேன், அவள் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு இது புரியவில்லை.

"ஏம்மா, இந்தத் தண்ணிய எதுக்கு எடுத்துட்டுப் போற? உப்பு வேணும்னா ஒரு மூட்டை போட்டுத் தரேன், தூக்கிட்டுப் போ."

"உப்பு வேணாம்பா. அதுக்குள்ள இருக்குற கிருமிதான் வேணும்," என்றாள் ஸ்டெல்லா.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிடாதம்மா. உப்புல கிருமி இருக்குதுன்னா எவன் வாங்குவான்?"

தேர்வு முடிவு வந்தது. எனக்கு முதல் வகுப்பு, அதிலும் நல்ல மதிப்பெண். எதையும் உருப்போட்டு, கேட்ட இடத்தில் கேட்டபடி எழுதுவதில் எனக்கு ஈடு கிடையாது. ஸ்டெல்லா இரண்டு பாடங்களில் அரியர் வைத்து, அதை எழுதித் தேறி, தட்டுத்தடுமாறி வெளியே வந்தாள். ஆனால் அவள் ப்ராஜெக்ட்டைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். என் தயிரை அவர் பக்கம் புரட்டிப் பார்த்ததோடு சரி.

பாபு அண்ணன் போட்ட முகவரி

படிப்பு முடிந்ததும் இரண்டு பேரும் விண்ணப்பம் போடத் தொடங்கினோம். பேப்பரில் வரும் விளம்பரம், கல்லூரி நோட்டீஸ் போர்டு, யாரோ ஒரு சீனியர் சொன்ன தகவல் என்று எதையும் விடவில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த நுண்ணுயிரை ஆராய்ச்சி செய்தாலும் சரி, எங்களுக்குச் சம்மதமாக இருந்தது.

இப்போது இருப்பதுபோல் எல்லாம் கைபேசியில் முடிகிற காரியமா அது? ஒவ்வொரு சான்றிதழையும் ஜெராக்ஸ் எடுத்து, அரசு அதிகாரி ஒருவரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்க வேண்டும். எங்களுக்கு அகப்பட்டவர் ஒரு கால்நடை மருத்துவர். ஒவ்வொரு மதிப்பெண் பட்டியலையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஸ்டெல்லாவின் பட்டியல் வந்தால் மட்டும் கொஞ்சம் பெருமூச்சு விடுவார். "இந்தப் பேப்பர்ல என்னாம்மா ஆச்சு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். அவளும் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் காரணம் சொல்வாள்.

அந்த ஆண்டு டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போனது. ஸ்டெல்லா வீட்டில் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். வீடுதான் இல்லை. அவளுடைய சான்றிதழ்கள் மட்டும் பிழைத்தன, ஏனென்றால் அவை ஜெராக்ஸ் எடுப்பதற்காக எங்கள் வீட்டு பீரோவில் இருந்தன. அதற்குப் பிறகு அவை அங்கேயே தங்கிவிட்டன. அவள் குடும்பம் தகரக் கொட்டகைக்குப் போன பிறகு, தபால் வருவதற்கு நிலையான ஒரு முகவரி வேண்டும் என்பதால் விண்ணப்பங்களிலும் எங்கள் வீட்டு முகவரியையே எழுதினாள்.

மின்னஞ்சல் முகவரியும் ஒன்றுதான். அதற்குக் காரணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பாபு அண்ணன். அவர் கடையில் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். ஒரு புது முகவரி திறப்பதற்குள் மூன்று தடவை அறுந்துபோகும். முதல் நாள் எனக்கு ஒன்று திறக்க முயன்று, பாதியில் நின்று, மறுபடி தொடங்கி, அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

"ரெண்டு பேரும் எப்பவும் ஒண்ணாத்தானே வர்றீங்க? ஒண்ணு போதாதா?" என்றார்.

போதும் என்றுதான் எங்களுக்கும் பட்டது. அவரே இரண்டு பெயரையும் சேர்த்து, நடுவில் இடைவெளி இல்லாமல் ஒரு முகவரி போட்டுக் கொடுத்தார்.

பயோடேட்டாவும் அப்படித்தான். நான் ஒன்று தட்டச்சு செய்தேன். அதையே எடுத்துப் பெயரையும் மதிப்பெண்ணையும் ப்ராஜெக்ட்டையும் மாற்றி அவளுடையதாக்கினோம். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பெயர், முகவரி, மதிப்பெண். இரண்டாம் பக்கத்தில் ப்ராஜெக்ட், கடைசியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெயர். முதலில் என்னுடையதை அனுப்புவேன், இணைப்பு அறுவதற்குள் அவளுடையதையும் அனுப்பிவிடுவேன். அதே தலைப்பு, அதே கடிதம், அதே வணக்கம்.

பெரும்பாலும் பதிலே வராது. ஒரே ஒரு இடத்திலிருந்து, உங்கள் விண்ணப்பத்தைக் கோப்பில் வைத்திருக்கிறோம் என்று இரண்டு வரி வந்தது. அதை பாபு அண்ணன் சந்தோஷமாக அச்சடித்துக் கொடுத்தார். "பத்திரமா வச்சிருக்காங்கன்னா நல்லதுதானே," என்றார் அப்பா. நாங்களும் கொஞ்ச நாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தோம்.

ஜோடிப் பெயர்

சென்னையிலிருந்து அந்த அழைப்பு வந்தபோது ஸ்டெல்லா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். உப்பை விரும்பும் பாக்டீரியாக்களைப் பற்றிய ஆராய்ச்சித் திட்டம். ஒரு பணியிடம். நேர்காணலுக்கு வரச் சொல்லி, செல்வி கோமதி ஸ்டெல்லாவுக்கு எழுதியிருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஊர் உப்பளம்.

எங்கள் பக்கத்தில் பருவம் தொடங்கும்போது ஆட்களை ஜோடியாகத்தான் வேலைக்கு எடுப்பார்கள். ஒருவர் பலகை போட்டு உப்பை வாரி ஒதுக்க, இன்னொருவர் கூடையில் எடுத்துக் கரையேற்ற வேண்டும். ஒற்றை ஆளாகப் போனால் வேலை கிடைக்காது. புருஷன் பெண்டாட்டி, அக்கா தங்கை, மாமியார் மருமகள், யாராக இருந்தாலும் ஜோடிதான். மேஸ்திரி கூப்பிடுவதும் ஜோடிப் பெயர் சொல்லித்தான். "முருகன் ராணி நாளைக்கு வந்துடுங்க," "ஏழுமலை கன்னியம்மா மேலப் பாத்திக்குப் போங்க" என்பார். சின்ன வயதில் ஏழுமலை கன்னியம்மா என்பது ஒரே ஆள் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அதனால் கோமதி ஸ்டெல்லா என்று படித்ததும், முகவரி ஒன்றாக இருப்பதால் இரண்டு பேருக்கும் ஒரே கடிதமாகப் போட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டோம். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"ஜோடியா கூப்ட்டிருக்காங்க. நல்ல எடமாத்தான் இருக்கும்," என்றார்.

ஸ்டெல்லா மட்டும் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு போஸ்ட்டுன்னுதானே போட்டிருக்குது?"

"ரெண்டு பேரையும் பாத்துட்டு ஒருத்தர எடுப்பாங்க."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. அதுவரை நாங்கள் போட்ட விண்ணப்பங்களிலெல்லாம், எங்கேயோ இருக்கும் முகம் தெரியாத நூறு பேர்தான் எங்களுக்குப் போட்டி. இப்போது போட்டி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. இது கிடைக்காவிட்டால் எனக்கு பி.எட்., அவளுக்குக் கடற்கரையோரத்து இறால் குஞ்சுப் பண்ணையில் ஒரு வேலை என்று இரண்டு வீட்டிலும் முடிவாகியிருந்தது. இரண்டு பேருக்குமே இதுதான் கடைசி விண்ணப்பம்.

சென்னைக்குப் போகும் பஸ்ஸில் அவள் வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் ஒரு டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்பாக்கம் தாண்டியதும் எனக்குப் பசித்தது. இட்லி இருக்கும் என்று டிபன் பாக்ஸில் கை வைத்தேன். பட்டென்று என் கையில் அடித்தாள்.

"அது சாப்பாடு இல்லடி. கல்ச்சர்."

உள்ளே பஞ்சு சுற்றி ஒரு கண்ணாடித் தட்டு இருந்தது. எங்கள் பாத்தித் தண்ணீரிலிருந்து அவள் வளர்த்தெடுத்தவை, சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகளாக. மகாபலிபுரம் வரை அவளுக்கு அரியர் விழுந்த பாடங்களை நான் சொல்லிக்கொடுத்தேன். நமக்குப் போட்டியானவளுக்கு நாமே பாடம் சொல்லித் தருகிறோமே என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை, பழக்கதோஷம்.

அப்படி ஒருத்தியே இல்லை

கதவு திறந்தது. "ரெண்டு பேரும் வாங்க," என்றார் உதவியாளர்.

உள்ளே எங்களுக்கென்று ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. இரண்டு பேரும் உட்காராமல் நின்றோம். மேஜைக்கு அந்தப் பக்கம் துறைத் தலைவர், அவருக்குப் பக்கத்தில் அந்தத் திட்டத்தை நடத்தும் மேடம். காட்டன் புடவை, கழுத்தில் சங்கிலி கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி. அவர் ஒரு ஃபைலைத் திறந்து இரண்டு தாள்களை எங்கள் பக்கம் தள்ளினார்.

"இந்த மார்க்கெல்லாம் யாரோடது?"

"என்னுது மேடம்," என்றேன்.

"இந்த ப்ராஜெக்ட்?"

"என்னுது மேடம்," என்றாள் ஸ்டெல்லா.

துறைத் தலைவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நடந்தது இதுதான். ஒரே முகவரியிலிருந்து ஒரே மாதிரி இரண்டு மின்னஞ்சல். ஒரே விண்ணப்பம் இரண்டு தடவை வந்துவிட்டது என்று நினைத்த அலுவலகத்தில், அச்சடித்துக் கலந்து கிடந்த தாள்களில் என் முதல் பக்கத்தையும் அவளுடைய இரண்டாம் பக்கத்தையும் சேர்த்து நூல் கட்டிவிட்டார்கள். மிச்சத்தைக் கூடுதல் பிரதி என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். மேலே கோமதி, கீழே ஸ்டெல்லா. முழுப் பெயர் கோமதி ஸ்டெல்லா.

"வந்த அப்ளிகேஷன்லயே பெஸ்ட் இதுதான்," என்றார் மேடம். "இவ்ளோ மார்க், இப்படி ஒரு ப்ராஜெக்ட். நேத்து ராத்திரிகூட இந்தப் பொண்ணப் பத்தித்தான் வீட்ல பேசிட்டிருந்தேன். இப்பப் பாத்தா அப்படி ஒருத்தியே இல்ல."

"ரெண்டையும் தனித்தனியாப் பாத்திருந்தா ரெண்டு பேரையுமே கூப்ட்டிருக்க மாட்டோம்," என்றார், நாங்கள் கொண்டுபோயிருந்த சான்றிதழ்களையும் ப்ராஜெக்ட்டுகளையும் வாங்கிப் புரட்டிய துறைத் தலைவர். "இந்தம்மா ப்ராஜெக்ட் தயிராம். அந்தம்மாவுக்கு மார்க் பத்தாது. அடுத்த கேண்டிடேட்டைக் கூப்பிடலாம்."

எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், ஒருத்தரோட சம்பளத்துலயே ரெண்டு பேரும் வேலை செய்யறோம். எங்க ஊர்ல ஜோடியாத்தான் வேலைக்கு எடுப்பாங்க."

"எந்த ஊரு?"

"மரக்காணம் சார். உப்பளம்."

"இது உப்பளம் இல்லம்மா. யுனிவர்சிட்டி."

மேடம் சிரித்துவிட்டார். நன்றாக, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இவ்ளோ தூரம் வந்துட்டாங்க. கேட்டுத்தான் பாப்போமே சார்."

அவர் கேட்ட விதம்தான் விசேஷம். என்னைப் பார்த்து, "நீ அவ ப்ராஜெக்ட்டப் பத்திச் சொல்லு," என்றார்.

நான் சொன்னேன். எந்தப் பாத்தியில் எப்போது நிறம் ஏறும், என்ன ஊடகத்தில் வளர்த்தோம், ஒன்றுமே முளைக்காமல் வாரக்கணக்கில் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எல்லாரும் குப்பையில் போடச் சொன்னபோது இவள் மட்டும் இன்னும் ஒரு வாரம் என்று மல்லுக்கு நின்றது, எல்லாம் வரிசையாக வந்தது. என் தயிரைப் பற்றிக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பிறகு ஸ்டெல்லாவிடம், அவளுக்கு அரியர் விழுந்த பாடத்திலிருந்து கேட்டார். அவள் திக்கித் திணறினாள். ஆனால் ஒன்றையும் தப்பாகச் சொல்லவில்லை. கடைசியாக டிபன் பாக்ஸைத் திறந்து மேஜையில் வைத்தாள். துறைத் தலைவர் அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், குனிந்து பார்த்தார்.

"வெளிய வெயிட் பண்ணுங்க," என்றார்.

மரத்தடியில்

மற்றவர்களையும் கேட்டு முடிக்க மதியத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். ஒரு வாதாம் மரத்தடியில் உட்கார்ந்து அம்மா கட்டித் தந்த எலுமிச்சை சாதத்தைப் பிரித்தோம். எறும்பு எங்களுக்கு முன்னால் பிரித்திருந்தது.

"உனக்குத்தான்டி கிடைக்கும். உன் ப்ராஜெக்ட்டுக்காகத்தானே கூப்ட்டாங்க," என்றேன்.

"இல்ல, உனக்குத்தான். மார்க்கப் பாக்காம எடுக்க மாட்டாங்க."

"உனக்குத்தான் கிடைக்கணும்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டிருக்கேன்."

ஸ்டெல்லா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பொய் சொல்லாத. மாதாவ வச்சிக்கினு நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்குத்தான் கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

எனக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம் பெரிய நிம்மதியாக இருந்தது. "நானும் எனக்குத்தான்டி வேண்டிக்கிட்டேன்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். எறும்பைத் தட்டிவிட்டு மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தோம்.

மேடம் சொன்ன காரணம்

மூன்று மணி சுமாருக்கு உதவியாளர் வந்தார். "கோமதி மட்டும் வாங்க."

எழுந்து நடந்தபோது என் கால் தரையில் படவில்லை. கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பின்னால் மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மேடம் மட்டும்தான் இருந்தார். என்னை உட்காரச் சொன்னார்.

"ஸ்டெல்லாவ எடுத்துக்கறேன்," என்றார். "உன்கிட்ட நானே சொல்லணும்னு தோணிச்சு. எனக்கு ரெண்டு பேரும் சமம்தான். ஆனா உன் மார்க்கப் பாத்துட்டு உன்ன இன்னொருத்தர் கூப்பிடுவாங்க. அவளக் கூப்பிடணும்னா இன்னொரு ஆபீஸ்ல இதே மாதிரி ஒரு தப்பு நடந்தாத்தான் உண்டு."

மேஜைமேல் இருந்த என் மதிப்பெண் தாளையே பார்த்தேன்.

"கோவம் வருதா?"

"வருது மேடம்."

"வரட்டும். முதல்ல உனக்குன்னு தனியா ஒரு இமெயில் வச்சுக்கோ."

அவர் சொன்னது பலித்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் முடிவதற்குள் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து என்னை மட்டும் கூப்பிட்டார்கள், மதிப்பெண்ணைப் பார்த்துத்தான். ஆனால் அன்று அது எனக்குத் தெரியாதே. ஒன்றாம் வகுப்பிலிருந்து ராப்பகலாகப் படித்து வாங்கிய மதிப்பெண்ணே என்னைத் தோற்கடித்துவிட்டது என்பதுதான் தெரிந்தது. வராந்தாவில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கொஞ்சம் அழுதேன். ஸ்டெல்லா மீது பொறாமையாக இருந்தது. அவளுக்குக் கிடைத்ததில் சந்தோஷமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் பொறாமைதான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு போய், "உன்னக் கூப்பிடுறாங்க. போ, உனக்குத்தான்," என்றேன்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு அப்பாக்கள்

திரும்பும் பஸ்ஸில் ஸ்டெல்லா என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். வேலை கிடைத்தவள் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். கிடைக்காத நான் அவளுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். "மேடம் உன்னத் தனியா கூப்ட்டு என்னாடி சொன்னாங்க?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

மரக்காணத்தில் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் என் அப்பாவும் ஸ்டெல்லாவின் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா லாரிக்காரரைப் பார்க்க வந்தாராம். அவள் அப்பா வலைக்கு நூல் வாங்க வந்தாராம். இரண்டு பேர் கையிலும் ஒன்றுமில்லை.

"என்னாச்சும்மா? ஜோடியா எடுத்துக்கிட்டாங்களா?" என்றார் அப்பா.

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "இல்லப்பா. ஸ்டெல்லாவ எடுத்துட்டாங்க."

எழுந்து நின்றிருந்த அவள் அப்பா மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த டிசம்பருக்குப் பிறகு அவர் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்ததில்லை. அன்றும் அவர் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மகளை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"நெஜமாவா பாப்பா?"

"நெஜந்தான்பா. பெரிய மேடம் ஒருத்தங்க, அவங்களே சொன்னாங்க."

என் அப்பா ஸ்டெல்லாவின் தலையில் கை வைத்து, "நல்லா இரும்மா," என்றார். நாலு டீ சொன்னார். பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், எனக்கு வலிக்கக் கூடாதே என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, உனக்குத்தானே மார்க்கு அதிகம்?"

"ஆமாம்பா. அதனாலதான்."

அப்பா விழித்தார். அவர் விழித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விளக்கிச் சொல்ல முயன்றேன், முடியவில்லை. "யுனிவர்சிட்டிக்காரங்க கணக்கே தனி போல," என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் டீயை வாங்கப் போனார்.

திரும்பினால் ஸ்டெல்லா பின்னால் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மதிப்பெண் குறைந்தவளே தவிர புத்தி குறைந்தவள் இல்லை. மேடம் என்ன சொல்லியிருப்பார் என்பது அவளுக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது.

"இத ஏன்டி பஸ்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா, எனக்கு இந்த வேலையே வேணாம்னு பாதி வழியில எறங்கிப் போயிருப்ப."

ஸ்டெல்லா நிஜமாகவே யோசித்தாள். டீக்கடை பாய்லர் புகை எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்துக்கொண்டிருந்தது.

"இல்லடி," என்றாள். "நல்லா அழுதிருப்பேன். அழுதுட்டு, வேலைக்குத்தான் போயிருப்பேன்."

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.